‘ஆமா, போட்டோம்?’: அம்பாறையிலிருந்து திகனைக்கு ஒரு வதந்தி போன வழி

2018 பிப்ரவரி 26, இரவுச் சாப்பாட்டு நேரம். இலங்கையின் கிழக்கே அம்பாறை நகரத்தில் முஸ்லிம் சகோதரர்கள் நடத்திவந்த ஒரு சின்ன சாப்பாட்டுக்கடை. சாப்பிட வந்த ஒரு சிங்களவரின் தட்டில், மாட்டிறைச்சிக் கறிக்குள் கட்டியாக ஏதோ கிடந்தது. அவர் சத்தம் போட்டார். கூட்டம் கூடியது. கல்லாவில் இருந்தவரைச் சுற்றி நின்றுகொண்டு சிங்களத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள்.

அவருக்கு வீட்டு மொழி தமிழ். சிங்களம் கொஞ்சம்தான் வரும். கறியில் மாவு கட்டிபிடித்துக் கிடப்பதைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். கை ஓங்கிய கூட்டத்துக்கு முன்னால், தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அவர் சொன்னதன் பொருள் இவ்வளவுதான்: ‘தெரியாது... ஆமா, போட்டோம்?’ இதைப் பிற்பாடு அவரே செய்தியாளர்களிடம் சொன்னார்.

கூட்டம் கேட்டது மாவைப் பற்றி அல்ல. ‘வந்த பெதி போட்டாயா?’ என்பதுதான் கேள்வி. வந்த பெதி என்றால் மலட்டு மாத்திரை. சிங்களவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க முஸ்லிம்கள் சோற்றில் மாத்திரை கலக்கிறார்கள் என்பது அங்கே பல ஆண்டுகளாக உலவிவந்த கதை. கடைக்காரரின் பதில் கைப்பேசியில் பதிவானது. சில நொடிகளே ஓடும் அந்தக் காணொளி இரவோடு இரவாகப் பேஸ்புக்கில் பரவியது. கடை நொறுக்கப்பட்டது. அவரை அடித்தார்கள். பக்கத்துப் பள்ளிவாசலும் தப்பவில்லை.

அவர் வாக்கியத்தின் கடைசியில் ஒரு கேள்விக்குறி இருந்தது. பதிவைப் பார்த்த ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேருக்கு அது கேட்டிருக்கும்? கடையில் நின்றவர்களுக்கே கேட்கவில்லை. அடுத்த பத்து நாட்களில் நாட்டில் அவசரகால நிலை வந்தது, சமூக ஊடகங்கள் அடைக்கப்பட்டன, உயிர் போனது. இணையமும் வன்முறையும் என்ற தலைப்பில் உலகம் முழுவதும் திரும்பத் திரும்பப் பேசப்படும் நிகழ்வு இது. பெரும்பாலும் ‘பொய்ச்செய்தி’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை. ஏனென்றால் இந்தக் கதையில் வரும் எல்லோருக்கும் எதிராளியின் மொழி தெரியவில்லை. கடைக்காரருக்குத் தெரியவில்லை, பேஸ்புக் நிறுவனத்துக்கும் தெரியவில்லை. உணர்ச்சி மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

வந்த என்ற சொல்

சிங்களத்து ‘வந்த’வுக்கும் நம்முடைய ‘வந்தி’க்கும் வேர் ஒன்று, இரண்டுமே வடமொழி ‘வந்த்யா’விலிருந்து வந்தவை. மதுரையில் பிட்டு விற்ற வந்திக் கிழவிக்குப் பிள்ளைகுட்டி இல்லை என்பதால்தான் அந்தப் பெயர் என்பார்கள். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. குழந்தையில்லாமை என்பது நம் பக்கத்து ஊர்களில் எவ்வளவு பெரிய அவமானமாக, எவ்வளவு பெரிய பயமாக இருக்கிறது என்பது தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் பயத்தின் மேல்தான் இந்த வதந்தி உட்கார்ந்திருந்தது.

ஒருமுறை சாப்பாட்டில் கலந்தால் ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவத்தில் இல்லை. சரி, இல்லாத ஒன்றை எப்படி இவ்வளவு பேர் நம்பினார்கள்? கணக்குத் தெரியாததாலா? கணக்கையும் பார்ப்போம். 1981 கணக்கெடுப்பில் இலங்கை மக்கள்தொகையில் சிங்களவர் ஏறக்குறைய 74 சதவீதம், 2012இல் 74.9 சதவீதம். குறையவே இல்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பகுதியான இலங்கைச் சோனகர் 7 சதவீதத்திலிருந்து 9.3 ஆகியிருக்கிறார்கள். அதுவும் உண்மைதான். பயந்தவர்கள் இந்த இரண்டாவது எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முதல் எண் யாருடைய பதிவிலும் வரவில்லை, வந்தாலும் யாரும் பகிரவில்லை.

அம்பாறையின் அமைப்பும் சேர்ந்துகொண்டது. மாவட்டமாக எடுத்தால் அங்கே அதிகம் இருப்பது முஸ்லிம்கள். கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று கடற்கரை ஓரமாக அவர்களுடைய ஊர்கள். உள்ளே தள்ளியிருக்கும் அம்பாறை நகரம் சிங்களப் பெரும்பான்மை. நாட்டில் பெரும்பான்மை, மாவட்டத்தில் சிறுபான்மை, நகரத்தில் மறுபடி பெரும்பான்மை. இப்படி ஓர் இடத்தில் ‘நாம் குறைகிறோம்’ என்று யாராவது சொன்னால், ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறவருக்கு அது நிஜம் போலவே தெரியும்.

இதோடு அருவருப்பும் கலந்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பயத்தை மட்டும் வைத்து இந்த வதந்தி இவ்வளவு தூரம் போயிருக்காது. சாப்பாடு என்பது வாய்க்குள் போவது. எதிராளியின் கடையில் உட்கார்ந்து, அவன் கையால் பரிமாறியதைச் சாப்பிடும் நேரத்தில் அவன் துரோகம் செய்கிறான் என்ற எண்ணம் வயிற்றைப் புரட்டும். முஸ்லிம் கடையின் இறைச்சிக் கறியைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டவனுக்குத்தான் அந்தப் புரட்டல் அதிகம். அந்தக் கடைக்கே போகாதவனுக்கு இதில் என்ன இருக்கிறது? அதாவது, இரண்டு சமூகங்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு இடத்தையே வதந்தி பிடித்துக்கொண்டது.

கடைச் சம்பவத்துக்கு முன்பே பேஸ்புக்கில் ஒரு தகவல் சுற்றிவந்தது: அம்பாறையில் ஒரு முஸ்லிம் மருந்துக்கடைக்காரரிடமிருந்து 23,000 மலட்டு மாத்திரைகளைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று. பொய். ஆனால் அந்த எண்ணைப் பாருங்கள். ‘ஆயிரக்கணக்கான’ என்று எழுதியிருந்தால் வாசிப்பவன் சந்தேகப்படுவான். 23,000 என்றால், யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். எனவே பிப்ரவரி 26 இரவு தட்டில் கட்டியைப் பார்த்தவர் அதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வதைவிட, எதிர்பார்த்தது கண்ணில் பட்டது என்று சொல்வதே பொருத்தம்.

குழுவில் அன்பும் உண்டு

கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014லேயே சிங்களப் பேஸ்புக் குழுக்களில் வெறுப்புப் பேச்சு எப்படி இயங்குகிறது என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. 2012இல் தொடங்கிய பொது பல சேனா என்ற சிங்கள பௌத்தத் தேசியவாத அமைப்பு உச்சத்தில் இருந்த காலம் அது. அந்த ஆண்டு ஜூனில்தான் அளுத்கமையில் முஸ்லிம்கள் மீது தாக்குதல் நடந்தது. எனவே 2018இல் யாரும் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது; நான்கு ஆண்டு முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட குழுக்களை வெளியிலிருந்து பார்ப்பவர்கள், அங்கே இருபத்துநான்கு மணி நேரமும் வசைதான் ஓடும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஓடினால் யாரும் அங்கே தங்க மாட்டார்கள். மொழிப் பற்று, பழைய தாதுகோபங்களின் படங்கள், போரில் இறந்த சிப்பாய்க்கு அஞ்சலி, அம்மாவைப் பற்றிய கவிதை, கேலிச் சித்திரம், நடுவே ‘நம் பெண்கள் பத்திரம்’ என்று ஓர் எச்சரிக்கை. எந்த மொழியில் இன உணர்வுக் குழுவை எடுத்தாலும் இந்தக் கலவை ஏறத்தாழ இதேதான். கூட்டத்தைக் கட்டிவைப்பது அன்பு. அந்த அன்புக்கு ஒரு ஆபத்து காட்டப்படும்போதுதான் கோபம் வருகிறது. அதனால்தான் உள்ளே இருப்பவரிடம் போய் ‘நீ வெறுப்பைப் பரப்புகிறாய்’ என்று சொன்னால் அவர் உண்மையாகவே திகைக்கிறார். அவர் மனதில் அவர் பிள்ளைகுட்டிகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

எந்த உணர்ச்சி வேகமாகப் போகும் என்பதற்கும் ஆய்வு உண்டு. ஜோனா பெர்கர், கேத்ரின் மில்க்மன் என்ற இருவர் நியூயார்க் டைம்ஸின் ஏறக்குறைய 7,000 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, வாசகர்கள் எதை அதிகம் பிறருக்கு அனுப்புகிறார்கள் என்று பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். கோபம், பதற்றம், வியப்பு போன்று உடம்பைக் கிளப்பிவிடும் உணர்ச்சிகள் இருந்த கட்டுரைகள் அதிகம் போயின. சோகம் போகவில்லை. சோகம் ஆளை உட்கார வைத்துவிடும் போலிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு கண்டிப் பக்கம் போகலாம். அங்கே ஒரு சோகம் கோபமாக மாறக் காத்திருந்தது.

திகன

அம்பாறைக்கு நான்கு நாள் முன்பு, பிப்ரவரி 22 இரவு, கண்டி மாவட்டம் தெல்தெனியவில் சாலையில் ஒரு தகராறு. ஒரு சிங்கள லாரி ஓட்டுநரை நான்கு முஸ்லிம் இளைஞர்கள் கடுமையாக அடித்துவிட்டார்கள். நால்வரும் கைதானார்கள். ஓட்டுநர் மருத்துவமனையில் கிடந்தார். மார்ச் 3 அன்று இறந்தார்.

இது உண்மையான குற்றம், உண்மையான சாவு. வதந்தி எதுவும் இல்லை. சட்டம் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. ஆனால் அவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் அம்பாறைக் காணொளி சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு சம்பவங்களுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஒன்று கிழக்கில், ஒன்று மலையகத்தில். ஒன்று மாவுக்கட்டி, ஒன்று சாலைச் சண்டை. பார்ப்பவரின் திரையில் மட்டும் இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தன. பிள்ளை பிறக்காமல் செய்கிறார்கள், பிறந்தவனை அடித்துக் கொல்கிறார்கள். தகவலாக எடுத்தால் இரண்டையும் எந்த நூலாலும் கட்ட முடியாது. உணர்ச்சியாக எடுத்தால் இரண்டாவது முதலாவதன் தொடர்ச்சிபோலவே இருக்கும்.

மார்ச் 4ஆம் தேதியிலிருந்து தாக்குதல் தொடங்கியது. மார்ச் 5 அன்று தெல்தெனியவுக்குப் பக்கத்திலுள்ள திகன நகரம் எரிந்தது. கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள். எரிந்த ஒரு வீட்டுக்குள்ளிருந்து மறுநாள் ஒரு முஸ்லிம் இளைஞரின் உடலை எடுத்தார்கள். மார்ச் 6 அன்று அரசு அவசரகால நிலையை அறிவித்தது. 2011க்குப் பிறகு நாடு அதைப் பார்ப்பது அதுவே முதல் முறை.

இதில் ஏற்பாடு இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. மஹசொன் பலகாய என்ற சிங்களத் தேசியவாத அமைப்பின் தலைவர் அமித் வீரசிங்க திகனயில் நடந்துகொண்டே பேசி வெளியிட்ட காணொளி பரவலாகப் போனது. இந்த ஊரில் சிங்களக் கடைகள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணிக்காட்டும் தொனி அதில். அவர் அந்த வாரமே கைதானார். வெளியூர்களிலிருந்து ஆள் வந்ததாகவும் அப்போதே செய்திகள் வந்தன. ஆக, ‘பேஸ்புக் கலவரம் செய்தது’ என்று எழுதுவது சோம்பேறித்தனம். கல்லெறிந்தவர்களுக்குக் கையும் காலும் இருந்தன. பேஸ்புக் செய்தது வேறு: கல்லெறிபவனுக்குப் பின்னால், தன் வீட்டிலேயே உட்கார்ந்தபடி ‘சரிதான்’ என்று தலையாட்டும் ஒரு பெரிய ஊரையே உண்டாக்கித் தந்தது. முன்காலத்துக் கலவரங்களில் கூட்டத்துக்கு அந்த ஊர் கண்ணுக்குத் தெரியாது. இப்போது விருப்பக்குறிகளாக எண்ணிப் பார்க்கலாம்.

சிங்களம் தெரியாது, கோபமுகம் தெரியும்

இந்த நிகழ்வில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இது.

2017இல் பேஸ்புக், எந்தப் பதிவு மேலே வர வேண்டும் என்று வரிசைப்படுத்தும் தன் கணக்கில் ஒரு மாற்றம் செய்தது. ஒரு பதிவுக்கு வரும் சாதாரண விருப்பக்குறிக்கு ஒரு மதிப்பெண் என்றால், இதயம், சிரிப்பு, கோபமுகம் போன்ற எதிர்வினைகளுக்கு ஐந்து. நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2021இல் வெளியே வந்தபோது இது தெரியவந்தது. அவர்கள் எண்ணியது எளிமையானது: விருப்பக்குறி கை பழக்கத்தில் விழுவது, முகத்தைத் தேர்ந்தெடுக்கிறவர் கொஞ்சம் மெனக்கெடுகிறார், எனவே ஈடுபாடு அதிகம். இதயமும் ஐந்து, கோபமும் ஐந்து. இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதே 2017 அக்டோபரில் இன்னொரு சோதனை. ஆறு நாடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இலங்கை அதில் ஒன்று. செய்தி நிறுவனங்கள் உள்ளிட்ட பக்கங்களின் பதிவுகள், பணம் கட்டியவை தவிர, முதன்மை ஓடையிலிருந்து (பேஸ்புக்கைத் திறந்ததும் வரும் நியூஸ்ஃபீட்) எடுக்கப்பட்டு ‘எக்ஸ்ப்ளோர்’ என்ற தனி இடத்துக்கு அனுப்பப்பட்டன. முதன்மை ஓடையில் நண்பர்களும் உறவினர்களும் போடுவது மட்டும். 2018 மார்ச் 1 அன்று சோதனையைக் கைவிட்டார்கள். தேதிகளைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பாருங்கள். அம்பாறைக் காணொளி பரவிய பிப்ரவரி 26, 27இல் இலங்கைக்காரர் பேஸ்புக்கைத் திறந்தால், மச்சான் பகிர்ந்த காணொளி மேலே இருக்கும். அது பொய் என்று ஒரு நாளிதழ் எழுதியிருந்தால் அது வேறு அறையில் கிடக்கும். அந்தச் சோதனைதான் கலவரத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் வேண்டும். ஆனால் ‘செய்தியைவிட சொந்தக்காரன் முக்கியம்’ என்று ஒரு நாட்டின் மேல் பரீட்சை வைத்துப் பார்த்தபோது, அந்த நாட்டில் என்ன சுற்றிக்கொண்டிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவர்கள் போதுமான அளவு அந்த நிறுவனத்தில் இருந்தார்களா?

இருக்கவில்லை. மார்ச் 7 தேதியிட்ட ஒரு சிங்களப் பதிவு, முஸ்லிம்களைக் குழந்தை வரை விடாமல் கொல்லச் சொன்னது. ஒருவர் அதைப் புகார் செய்தார். ஆறு நாள் கழித்து நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது: இது எங்கள் சமூக விதிகளை மீறவில்லை. அந்தப் பதில் வந்த நேரத்தில் நாட்டில் பேஸ்புக்கையே அரசு அடைத்து வைத்திருந்தது. இதை எழுதும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆக நிறுவனத்தின் ஒரு கை, பதிவில் இருக்கும் வார்த்தையைப் படிக்கத் தெரியாமல் தடுமாறுகிறது. இன்னொரு கை, அதே பதிவின் கீழே எத்தனை கோபமுகம் விழுந்தது என்பதை ஒன்று விடாமல் எண்ணி, ஐந்தால் பெருக்கி, மேலே தூக்கி வைக்கிறது. அம்பாறைக் கடையில் நடந்ததும் இதேதான். கூட்டத்துக்குக் கடைக்காரரின் மொழி புரியவில்லை. அவர் முகத்திலிருந்த பயம் புரிந்தது, அதைக் குற்ற உணர்வு என்று படித்துக்கொண்டார்கள்.

அடைத்தது, திறந்தது

மார்ச் 7 அன்று பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், வைபர் ஆகியவை அடைக்கப்பட்டன. வைபரும் வாட்ஸ்அப்பும் முதலில் திரும்பின, மார்ச் 15 அன்று பேஸ்புக்கும். அடைத்த நாட்களில், தடையைச் சுற்றிப்போக உதவும் விபிஎன் போட்டுக்கொண்டு உள்ளே போனவர்கள் ஏராளம். வன்முறை அடங்கியதற்கு அடைப்பு காரணமா, ஊரடங்கும் ராணுவமும் காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் உறுதி: வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் வீட்டில் யாருக்கு என்ன ஆனது என்று கேட்பதும் அதே வாட்ஸ்அப்பில்தான். அடைப்பு வதந்தி பரப்பியவர்களையும் இவர்களையும் சேர்த்தே நிறுத்தியது. பேஸ்புக் நிறுவனத்தின் பிரதிநிதிகள் கொழும்புக்கு வந்து ஜனாதிபதியின் செயலாளரைச் சந்தித்த பிறகே அந்தத் தளம் திறக்கப்பட்டது.

இடையில் மற்றதும் நடந்தது. கிரிக்கெட் வீரர்கள் குமார் சங்கக்காரவும் மஹேல ஜயவர்தனவும் ட்விட்டரில் வன்முறையைக் கண்டித்து எழுதினார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது சில பள்ளிவாசல்களுக்குப் பிக்குகளே காவலாகப் போய் நின்றார்கள். வெட்கமும் ஒரு உணர்ச்சிதான், அதுவும் பரவும். மெதுவாகப் பரவும்.

அப்புறம் அந்தக் கட்டி. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அதைச் சோதித்து அறிக்கை கொடுத்தார்: மருந்து எதுவும் இல்லை, மாவுச்சத்து. கடைக்காரர் முதலில் நினைத்ததே சரி. அறிக்கை வந்தபோது திகன எரிந்து முடிந்திருந்தது. ‘கார்போஹைட்ரேட்’ என்ற சொல்லுக்கு யார் கோபமுகம் போடுவார்கள்? யார் இதயம் போடுவார்கள்? மறுப்புச் செய்திகள் ஏன் தோற்கின்றன என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். என் பார்வையில் காரணம் சிறியது. வதந்தி ஒருவருக்கு ஒரு வேலை கொடுக்கிறது: பயப்படு, எச்சரி, போய்த் தடு. மறுப்பு வேலையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புகிறது. கூடவே ‘நீ ஏமாந்தாய்’ என்றும் சொல்லாமல் சொல்கிறது. அதை யார் ஆசையாக நாலு பேருக்கு அனுப்புவார்கள்?

இது சிங்களவர்களின் வியாதி என்று தமிழ்நாட்டில் யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். திகன எரிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த 65 வயது அம்மா ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த செய்தி ஊரின் தலைக்குள் ஏற்கெனவே இருந்தது. அடித்தே கொன்றுவிட்டார்கள். அங்கே மாற்று இனமும் இல்லை, மாற்று மொழியும் இல்லை. பிள்ளையைப் பற்றிய பயம் மட்டும் அதே பயம்.

பேஸ்புக் சில விஷயங்களை மாற்றியது. சிங்களம் தெரிந்தவர்களைச் சேர்த்தது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாது என்ற கட்டுப்பாடு 2019 ஜனவரியில் உலகம் முழுவதும் வந்தது. 2020 மே மாதம், வெளி நிறுவனம் ஒன்றைக் கொண்டு செய்த மனித உரிமை மதிப்பீட்டை வெளியிட்டு, 2018இல் தன் தளம் பயன்பட்ட விதத்துக்கு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கோபமுகத்தின் மதிப்பெண் பூஜ்யமாக்கப்பட்டது.

இன்னொரு வாக்கியம்

மன்னிப்புக்கு முன்பே கதை ஒருமுறை திரும்ப நடந்துவிட்டது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். நாடு முழுவதும் பயம். இந்த முறை பயத்துக்கு நிஜமான காரணமும் இருந்தது. மூன்று வாரம் கழித்து, மே 12 அன்று, சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் ஒருவருக்குப் பதில் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதன் பொருள்: ‘ரொம்பச் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய்.’ தன்னைக் கேலி செய்தவரிடம் பொருமியவரின் வரியாகவும் அதைப் படிக்கலாம். அடுத்த குண்டு எப்போது என்று எதிர்பார்த்திருந்தவர்கள் அதை முன்னறிவிப்பாகப் படித்தார்கள். அன்றே அவர் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அவர் கைதானார். மறுநாள் கலவரம் குருநாகல், மினுவாங்கொடை வரை போனது, ஒருவர் கொல்லப்பட்டார். சமூக ஊடகங்கள் மறுபடி அடைக்கப்பட்டன.

எழுதியவருக்கு ஆங்கிலம் அரைகுறை, படித்தவர்களில் பலருக்கும் அப்படித்தான். ‘ஆமா, போட்டோம்?’ அரைகுறைச் சிங்களத்தில் சொல்லப்பட்டது. இரண்டு வாக்கியங்களிலும் விட்டுப்போன அர்த்தத்தைக் கேட்டவர்களின் மனநிலை நிரப்பிக்கொண்டது.

மலட்டு மாத்திரையும் போகவில்லை, உருமாறி வந்தது. அதே மே மாதம் 23ஆம் தேதி ஒரு சிங்கள நாளிதழ், பெயர் சொல்லாமல், ஒரு முஸ்லிம் மருத்துவர் 4,000 சிங்களப் பெண்களுக்கு ரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டதாக முதல் பக்கத்தில் எழுதியது. 23,000 போலவே இதிலும் ஒரு முழு எண். மறுநாள் குருநாகல் மருத்துவமனையின் மருத்துவர் ஒருவர் கைதானார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து, கருத்தடை செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. ஜூலையில் ஜாமீன் கிடைத்தது. பல ஆண்டுகள் கழித்து அவரை மீண்டும் பணியில் சேர்த்தார்கள்.

ஆனால் கைதுக்கும் ஜாமீனுக்கும் நடுவில் ஒன்று நடந்தது. புகார் கொடுக்கலாம் என்று அறிவித்ததும், அவரிடம் சிசேரியன் செய்துகொண்ட நூற்றுக்கணக்கான பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களை யாரும் பணம் கொடுத்து அழைத்து வரவில்லை. இரண்டாவது பிள்ளை தங்காதவர்கள், அறுவைக்குப் பிறகு வயிற்று வலி நிற்காதவர்கள், மாமியாரிடம் பேச்சு வாங்கியவர்கள் என்று அந்த வரிசையில் யார் யாரோ இருந்திருப்பார்கள். அதுவரை அவர்களிடம் வந்து உனக்கு என்னம்மா பிரச்சினை என்று கேட்டவர் எவரும் இல்லை. முதலில் கேட்டது அந்த வதந்திதான்.